சின்னக் கல்லூரிகளுக்கு வந்த சோதனை!

அமெரிக்க ரசாயனப் படிப்பின் கதை

ரசாயனம் படித்தவருக்கு என்ன பட்டம் கொடுப்பார்கள்?

"பி.எஸ்.சி.!" என்று நம் ஊர்ப் பிள்ளைகள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள்.

ஆனால், அமெரிக்காவில் ஒரு வகைக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில், நாலு ஆண்டு ரசாயனம் படித்தவருக்குக் கிடைப்பது பி.ஏ. பட்டம்!

இந்தப் பி.ஏ.க்களைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். ரசாயனத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர்கள் இவர்களில் உண்டு. உலகம் முழுவதும் அலுமினியம் தயாரிக்கப் பயன்படும் முறையைக் கண்டுபிடித்தவரும் இப்படி ஒரு கல்லூரியில் படித்தவர்தான்.

அந்தக் கல்லூரிகளுக்கு இப்பொழுது சோதனைக் காலம். 2024-ம் ஆண்டில் நூறு ஆண்டுகளைத் தாண்டிய கல்லூரிகள் மூடப்பட்டன. 2025-ம் ஆண்டில் ஆராய்ச்சிப் பணத்தில் அரசாங்கம் கை வைத்தது.

இதனால் யாருக்கு நஷ்டம்? பணக்காரக் கல்லூரிக்கா? ஏழை மாணவனுக்கா?

எது சின்னக் கல்லூரி?

இவற்றுக்கு "லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி" என்று பெயர். எல்லாத் துறைகளையும் கொஞ்சம் கொஞ்சம் படித்து, ஒரு துறையை ஆழமாகப் படிக்கும் கல்லூரி என்று பொருள் சொல்லலாம்.

ரசாயன மாணவன் சரித்திரமும் படிப்பான். தத்துவமும் படிப்பான். சங்கீதம்கூடப் படிப்பான். "என்னுடைய முக்கியப் பாடம் ரசாயனம்" என்று அவன் முடிவு சொல்வது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடியும்போதுதான்.

பொதுவாக, ஒரு கல்லூரியில் ஆயிரம் முதல் மூவாயிரம் மாணவர்கள் வரை இருப்பார்கள். பெரும்பாலோர் விடுதியில் தங்கிப் படிப்பார்கள். பல கல்லூரிகள் சின்னஞ்சிறு ஊர்களில் இருக்கின்றன.

இவற்றுக்கு ஒரு முக்கியமான அடையாளம் உண்டு. இங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் பொதுவாகக் கிடையாது. பட்டப் படிப்பு மாணவர்கள் மட்டுமே இருப்பார்கள்.

"அப்படியானால் ஆராய்ச்சியே நடக்காதே!" என்று தோன்றும்.

நடப்பது அதற்கு நேர்மாறு!

பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு ரசாயன வகுப்பில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து இருப்பார்கள். பேராசிரியர் மேடையில் நின்று ஒலிபெருக்கியில் பேசுவார். சோதனைக்கூடத்தைப் பெரும்பாலும் மேல்படிப்பு மாணவர்கள் கவனித்துக்கொள்வார்கள். பேராசிரியரின் ஆராய்ச்சியில் முதல் இடமும் அவர்களுக்குத்தான்.

சின்னக் கல்லூரியில் அந்த மேல்படிப்பு மாணவர்கள் இல்லை. பேராசிரியருக்கு ஆராய்ச்சியில் உதவி வேண்டும். யாரை அழைப்பார்? 18 வயது, 19 வயதுப் பையன்களையும் பெண்களையும்தான் அழைப்பார்.

ஆக, பெரிய இடத்தில் 25 வயதில் கிடைக்கும் வேலை, சின்ன இடத்தில் 19 வயதில் கிடைக்கிறது. இதுதான் ரகசியம்!

விறகுக் கொட்டகையில் ஒரு வெற்றி

ஒரு காலத்தில் அலுமினியம் வெள்ளியைப் போல விலை உயர்ந்த பொருள். வாஷிங்டன் நகரில் உள்ள உயரமான நினைவுத் தூணின் உச்சியில், 1884-ம் ஆண்டு சின்ன அலுமினியப் பிரமிடு ஒன்றை வைத்தார்கள். அது அன்று அவ்வளவு அபூர்வமாக இருந்தது.

அப்பொழுது ஓஹியோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற சின்ன ஊர்க் கல்லூரியில் சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற இளைஞர் படித்துக்கொண்டு இருந்தார். ரசாயனப் பேராசிரியரின் பெயர் ஜூவெட்.

"அலுமினியத்தை மலிவாகத் தயாரிக்க வழி கண்டுபிடிப்பவன் பெரிய பணக்காரன் ஆவான்" என்று ஜூவெட் வகுப்பில் சொன்னாராம். ஹால் அதை மனதில் போட்டுக்கொண்டார்.

1885-ம் ஆண்டு ஹால் பட்டம் பெற்றார். பிறகும் ஜூவெட் அவரைக் கைவிடவில்லை. யோசனை சொன்னார். சாமான்கள் கொடுத்து உதவினார். ஹால் தன் வீட்டு விறகுக் கொட்டகையையே சோதனைக்கூடம் ஆக்கினார். மின்சாரத்துக்கான பாட்டரிகளைத் தன் கையாலேயே செய்தார். அவருடைய அக்காள் ஜூலியாவும் அதே கல்லூரியில் ரசாயனம் படித்தவர். அவரும் கூட இருந்து உதவினார்.

1886-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி வெற்றி கிடைத்தது. கிரையோலைட் என்ற தாதுப் பொருளை உருக்கி, அதில் அலுமினியம் ஆக்சைடைக் கரைத்து, மின்சாரத்தைச் செலுத்தினார். அடியில் பளபள என்று சின்னச் சின்ன உருண்டைகள் சேர்ந்து இருந்தன. அது அலுமினியம்! ஹாலுக்கு அப்பொழுது வயது 22.

அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் ஏரூ என்ற இளைஞரும் தனியாக இதே முறையைக் கண்டுபிடித்தார். அதனால் இதற்கு "ஹால்-ஏரூ முறை" என்று பெயர். பூமியில் இருந்து எடுக்கும் தாதுவில் இருந்து அலுமினியம் தயாரிக்க இன்றும் இதே முறைதான். நம் வீட்டு இட்லிக் குண்டானுக்கும் அந்த விறகுக் கொட்டகைக்கும் தொடர்பு உண்டு!

ஹால் தொடங்கிய கம்பெனி பிறகு "அல்கோவா" என்று உலகப் புகழ் பெற்றது. படித்த கல்லூரிக்கு அவர் ஏராளமான சொத்தை எழுதிவைத்தார். ஓபர்லினில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சிலையும் அலுமினியத்தால் ஆனதுதான்.

நிறம் குறுக்கே நின்றது

எல்லாருடைய கதையும் இப்படி இனிமையாக முடியவில்லை.

பெர்சி ஜூலியன் ஒரு கறுப்பர். 1899-ம் ஆண்டு அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா அடிமையாக இருந்தவர்.

1916-ம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் உள்ள டீபா என்ற சின்னக் கல்லூரியில் ஜூலியன் சேர்ந்தார். அவருடைய ஊரில் கறுப்புப் பிள்ளைகள் உயர்நிலைப் படிப்புப் படிக்க வசதி இல்லை. அதனால், கல்லூரிப் பாடத்தோடு விட்டுப்போன பள்ளிக்கூடப் பாடத்தையும் சேர்த்துப் படித்தார். மாணவர் இல்லம் ஒன்றில் அடுப்பு எரித்தார். சாப்பாடு பரிமாறினார். பரணில் தூங்கினார்.

1920-ம் ஆண்டு வகுப்பிலேயே முதல் மாணவராகத் தேறினார்!

பிறகு வியன்னாவில் டாக்டர் பட்டம் பெற்று, 1932-ம் ஆண்டு அதே கல்லூரிக்கு ஆராய்ச்சி செய்யத் திரும்பினார். அவருக்குத் துணை நின்றவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவில் விளையும் ஒருவகை அவரையில் கிடைக்கும் "பைசோஸ்டிக்மைன்" என்ற மருந்தை, 1935-ம் ஆண்டு சோதனைக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினார். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை போகும் நோய்க்கு அந்த மருந்தைப் பயன்படுத்தினார்கள்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானி ராபர்ட் ராபின்சனும் அதே முயற்சியில் இருந்தார். அவர் வெளியிட்ட முடிவு தவறு என்று ஜூலியன் தைரியமாக எழுதினார். கடைசியில் ஜூலியன் சொன்னதே சரி ஆனது.

ஆனாலும், கல்லூரி அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தரவில்லை. காரணம், அவருடைய நிறம்! அவர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அங்கே சோயா மொச்சையில் இருந்து மருந்துப் பொருள்கள் செய்து பெரும்புகழ் பெற்றார். இன்று அந்தக் கல்லூரியின் விஞ்ஞானக் கட்டிடத்துக்கு அவருடைய பெயர்தான்.

இந்தக் கதையில் இரண்டு பாடம் இருக்கிறது. சின்னக் கல்லூரி திறமையை வளர்க்கும். ஆனால், சின்னக் கல்லூரி என்பதாலேயே மனம் பெரியதாகிவிடாது.

பிரெஞ்சு டீச்சர் சொன்ன புத்தி

அண்மைக் காலத்துக்கு வருவோம்.

தாமஸ் செக் என்பவர் அயோவா மாநிலத்து கிரின்னல் கல்லூரியில் ரசாயனம் படித்தார். 1970-ம் ஆண்டு பி.ஏ. பட்டம். 1989-ம் ஆண்டு ரசாயன நோபல் பரிசு!

உயிர் அணுக்களில் ஆர்.என்.ஏ. என்ற பொருள் இருக்கிறது. அது செய்தியைச் சுமக்கும் தபால்காரன் மட்டும் அல்ல, ரசாயன மாற்றத்தைத் தானே நடத்தும் வேலைக்காரனும்கூட என்று அவர் காட்டினார்.

ஜெனிபர் டவுட்னா என்ற பெண்மணி கலிபோர்னியாவில் உள்ள பொமோனா கல்லூரியில் உயிர் ரசாயனம் படித்தார். முதலாண்டில் ரசாயனம் அவரைப் பயமுறுத்தியது. "நமக்கு இது சரிப்படாது. பிரெஞ்சு மொழி படிக்கப் போய்விடலாம்" என்று நினைத்தார்.

அவரைத் தடுத்தது யார் தெரியுமா? அவருடைய பிரெஞ்சு டீச்சர்! "விஞ்ஞானத்திலேயே இரு" என்று புத்தி சொன்னார்.

டவுட்னா 1985-ம் ஆண்டு பட்டம் பெற்றார். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு யாரிடம் போய் ஆராய்ச்சி செய்தார்? அதே தாமஸ் செக்கிடம்! 2020-ம் ஆண்டு, மரபணுவைக் கத்தரிக்கோல் போல வெட்டித் திருத்தும் முறைக்காக, டவுட்னாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரெஞ்சுப் பெண் விஞ்ஞானி சார்ப்பென்டியேயும் அவரும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆயிரம் பேர் கூட்டத்தில் ஒரு மாணவி தயங்கினால் யார் கவனிப்பார்கள்? சிறிய இடத்தில் டீச்சருக்கு மாணவியின் முகம் தெரியும். மனமும் தெரியும்.

உண்மைதானா, பெருமைப் பேச்சா?

நாலைந்து பெயர்களைச் சொல்லிப் பெருமை பேசுவது எளிது. கணக்கு என்ன சொல்லுகிறது?

தாமஸ் செக் 1999-ம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். பட்டதாரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பொதுவாக மற்ற கல்லூரிகளைவிட, லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் இருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர் பின்னால் விஞ்ஞான டாக்டர் பட்டம் வாங்குகிறார்கள் என்று அதில் எடுத்துக்காட்டினார்.

இதை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. முன்னணிக் கல்லூரிகள் கெட்டிக்கார மாணவர்களைப் பொறுக்கி எடுக்கின்றன. நல்ல விதையை வாங்கி விதைத்தால் நல்ல விளைச்சல் வரும். அதில் எவ்வளவு விதையின் பெருமை, எவ்வளவு மண்ணின் பெருமை என்று பிரித்துச் சொல்லுவது கடினம்.

ஆனாலும், மண்ணுக்கும் பங்கு உண்டு. அது எப்படி என்று படிப்பைப் பார்த்தாலே தெரியும்.

நாலு ஆண்டுப் படிப்பு

முதலாண்டில் பொது ரசாயனம். அணு, உப்பு, அமிலம், வெப்பம் ஆகியவை பாடங்கள்.

இரண்டாம் ஆண்டில் கரிம ரசாயனம். மருந்து, சாயம், பிளாஸ்டிக் எல்லாம் இதற்குள் அடக்கம். டாக்டருக்குப் படிக்க விரும்புகிறவர்களும் இதைப் படிக்கிறார்கள். பலருடைய ஆசை நிலைப்பதும் கலைவதும் இங்கேதான்!

மூன்றாம் ஆண்டில் இயல் ரசாயனம். இதில் கணக்கு அதிகம். கூடவே பகுப்பு ரசாயனம், உயிர் ரசாயனம்.

நான்காம் ஆண்டில் ஆராய்ச்சி. ஆரகன் மாநிலத்தில் உள்ள ரீட் கல்லூரியில் எல்லா மாணவர்களும் கடைசி ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதியே ஆக வேண்டும். அந்தக் கல்லூரியில் ஓர் அணு உலைகூட இருக்கிறது! 1968-ம் ஆண்டு முதல் அது இயங்கி வருகிறது. அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய மாணவ-மாணவிகள் அதை இயக்குகிறார்கள்.

அமெரிக்க ரசாயனச் சங்கம் நல்ல கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. அதன் சான்றிதழ் வேண்டுமானால், முதலாண்டுச் சோதனைகளைத் தவிர, மேலும் 400 மணி நேரம் சோதனைக்கூடத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்று 2015-ம் ஆண்டு விதி கூறியது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அடுப்படியில் நின்று பார்த்தவருக்கும், கரண்டி பிடித்தவருக்கும் வித்தியாசம் உண்டு. ரசாயனமும் அப்படித்தான். சோதனை பத்துத் தடவை கெட்டுப்போகும். பதினோராவது தடவை சரியாக வரும். ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் படிப்பு!

குறையே இல்லையா?

உண்டு.

சின்னக் கல்லூரியில் ஆசிரியர்கள் சிலர்தான். ஒருவர் விடுப்பில் போனால், அவர் நடத்தும் பாடம் அந்த ஆண்டு இருக்காது. விருப்பப் பாடங்களும் குறைவு. பெரிய பல்கலைக்கழகத்தில் இருக்கும் கருவிகள் எல்லாம் இங்கே இருக்கமாட்டா.

வெறும் பட்டத்தோடு போனால், மருந்துக் கம்பெனி, தண்ணீர்ச் சோதனை நிலையம் போன்ற இடங்களில் சோதனைக்கூட வேலை கிடைக்கலாம். பெரிய ஆராய்ச்சிப் பதவிக்கு மேல்படிப்பு வேண்டும்.

அதிலும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அமெரிக்காவில் ரசாயன டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் பொதுவாகக் கட்டணம் கட்டுவது இல்லை. அவர்களுக்கு உதவிப் பணமும் கிடைக்கிறது. கடினமான செலவெல்லாம் முதல் நாலு ஆண்டில்தான்.

90 ஆயிரம் டாலர்!

அந்தச் செலவு எவ்வளவு?

2025-ம் ஆண்டு, முன்னணிக் கல்லூரிகள் பலவற்றில் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 90 ஆயிரம் டாலர் ஆனது. நம் பணத்தில் 75 லட்சம் ரூபாய்க்கு மேல்!

இதைக் கேட்டு மயங்கி விழ வேண்டாம். இது அறிவிக்கும் விலைதான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி போல இங்கேயும் தள்ளுபடி உண்டு. தனியார் கல்லூரிகளில் சேரும் முதலாண்டு மாணவர்களுக்கு, சராசரியாகப் படிப்புக் கட்டணத்தில் பாதிக்கு மேல் உபகாரச் சம்பளமாகக் கழித்துவிடுகிறார்கள்.

மாணவனுக்கு இது லாபம். கல்லூரிக்கு? பாதிக் கட்டணம் வரவில்லை. அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

கல்லூரிக்கு மூன்று பணப்பைகள் இருக்கின்றன. முதல் பை, மாணவர் கட்டணம். இரண்டாவது பை, பழைய மாணவர்கள் கொடுத்த நன்கொடை சேர்ந்த மூலதன நிதி. மூன்றாவது பை, அரசாங்கம் ஆராய்ச்சிக்குத் தரும் பணம்.

சரித்திரம் நடத்தக் கரும்பலகையும் நல்ல நூலகமும் இருந்தால் போதும். ரசாயனத்துக்கு அது போதாது. நச்சுப் புகையை உறிஞ்சும் கூண்டுகள் வேண்டும். கழிவைப் பத்திரமாக அகற்ற வேண்டும். "என்.எம்.ஆர்." என்று ஒரு கருவி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உடலைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் தம்பி என்று சொல்லலாம். அதன் விலை பல லட்சம் டாலர். அதன் காந்தத்தைக் குளிரவைக்கத் திரவ ஹீலியம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே, மூன்று பைகளில் ஒன்று ஓட்டையானாலும் ரசாயனத்துக்குத்தான் முதல் அடி.

மூடிய கதவுகள்

முதல் பை ஏன் ஓட்டையாகிறது?

பிள்ளைகள் குறைகிறார்கள்! 2007-ம் ஆண்டு அமெரிக்காவில் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அதற்குப் பிறகு பொருளாதார நெருக்கடி வந்தது. பிறப்பு குறைந்தது. 2024-ம் ஆண்டு பிறந்தவை ஏறத்தாழ 36 லட்சம்தான்.

2007-ல் பிறந்த குழந்தைக்கு 2025-ல் 18 வயது. அதுவே கல்லூரியில் சேரும் வயது. அதாவது, பெரிய அலை வந்து போய்விட்டது. இனி வரும் அலைகள் சிறியவை.

அலபாமா மாநிலத்து பர்மிங்காம்-சதர்ன் கல்லூரியின் வரலாறு 1856-ம் ஆண்டு தொடங்கியது. பணம் இல்லாமல் மாநில அரசாங்கத்திடம் கடன் கேட்டார்கள். கிடைக்கவில்லை. 2024-ம் ஆண்டு மே 31-ந் தேதி கல்லூரி மூடப்பட்டது. அன்று அதன் பேஸ்பால் அணி தேசியப் போட்டியில் விளையாடிக்கொண்டு இருந்தது. கல்லூரி போய்விட்டது, அணி மட்டும் ஆடியது!

நியூயார்க் மாநிலத்து வெல்ஸ் கல்லூரி 1868-ம் ஆண்டு தொடங்கியது. அதுவும் 2024-ல் மூடப்பட்டது.

கல்லூரி மூடினால் மாணவன் வேறு கல்லூரிக்குப் போகலாம். மதிப்பெண்ணையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால், பாதியில் நின்ற ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு போக முடியுமா? இரண்டு ஆண்டு பழகிய பேராசிரியரை அழைத்துக்கொண்டு போக முடியுமா?

மூடுகிற கல்லூரி எல்லாம் செத்துவிடுவதும் இல்லை. வர்ஜீனியா மாநிலத்து ஸ்வீட் பிரையர் என்ற பெண்கள் கல்லூரியை மூடப்போவதாக 2015-ம் ஆண்டு மார்ச் மாதம் அறிவித்தார்கள். பழைய மாணவிகள் கொதித்து எழுந்தார்கள். பணம் திரட்டினார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். கல்லூரி பிழைத்துக்கொண்டது!

அரசாங்கத்தின் கத்தரிக்கோல்

மூன்றாவது பைக்கு வருவோம்.

அமெரிக்காவில் "தேசிய விஞ்ஞான நிறுவனம்" என்ற அரசாங்க அமைப்பு இருக்கிறது. 1987-ம் ஆண்டு முதல் அது ஒரு திட்டம் நடத்துகிறது. கோடை விடுமுறையில் பட்டப் படிப்பு மாணவர்கள் சுமார் பத்து வாரம் ஆராய்ச்சி செய்யலாம். அதற்குப் பணமும் கொடுப்பார்கள்.

பணக்கார வீட்டுப் பிள்ளை கோடையில் சும்மா இருந்தாலும் கவலை இல்லை. ஏழை மாணவன் ஓட்டலில் தட்டுக் கழுவியாவது சம்பாதிக்க வேண்டும். இந்தத் திட்டம் அவனுடைய கையில் இருந்து தட்டை வாங்கிவிட்டு, சோதனைக்குழாயைக் கொடுத்தது.

2025-ம் ஆண்டு அந்த நிறுவனம், ஏற்கனவே கொடுப்பதாகச் சொன்ன ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சி உதவிகளை ரத்து செய்தது. அந்தக் கோடையில் பல இடங்களில் மாணவர் ஆராய்ச்சித் திட்டங்களும் நடக்கவில்லை.

அதே ஆண்டு மே மாதம், ஜனாதிபதி டிரம்ப்பின் வெள்ளை மாளிகை, அந்த நிறுவனத்தின் அடுத்த ஆண்டுப் பணத்தைப் பாதிக்கும் மேல் வெட்டலாம் என்று யோசனை வைத்தது. ஜூலை மாதம் காங்கிரசின் இரு சபைகளிலும் தயாரான மசோதாக்கள் அவ்வளவு பெரிய வெட்டுக்கு இடம் தரவில்லை. ஆனாலும், நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. பணம் வருமா வராதா என்று தெரியாமல் எந்தப் பேராசிரியர் மாணவனுக்கு வாக்குக் கொடுப்பார்?

"மக்களின் வரிப்பணத்தை ஏன் தனியார் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால், பயிற்சி பெற்ற மாணவன் கல்லூரிக்குச் சொந்தம் அல்ல. அவன் செய்யும் மருந்தை நாடே சாப்பிடுகிறது.

பணக்காரச் சின்னது, ஏழைச் சின்னது

இரண்டாவது பையில்தான் வேடிக்கை இருக்கிறது.

2025-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி கையெழுத்தான சட்டம், பணக்காரத் தனியார் கல்லூரிகளின் மூலதன நிதி வருமானத்துக்கு 8 சதவிகிதம் வரை வரி போட்டது. ஆனால், கட்டணம் செலுத்தும் மாணவர்கள் 3 ஆயிரத்துக்குக் குறைவாக இருந்தால் வரி இல்லை!

கிரின்னல், பொமோனா, ஆம்ஹெர்ஸ்ட், சுவார்த்மோர் போன்ற கல்லூரிகளில் நூறு கோடி டாலருக்கு மேல் நிதி இருக்கிறது. மாணவர்களோ ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்துக்கும் குறைவு. சின்னதாக இருந்ததே அவற்றுக்கு லாபம் ஆகிவிட்டது.

ஆக, சின்னக் கல்லூரிகளில் இரண்டு ஜாதி உண்டு. நிதி நிறைந்தவை பிழைத்துக்கொள்ளும். அரசாங்கம் தராவிட்டாலும், தங்கள் பணத்தில் இருந்து மாணவர் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்.

மூடப்படுகிறவை மற்றவை. பெரிய பெயர் இல்லாத கல்லூரிகள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் சேரும் கல்லூரிகள்.

அங்கேதான் அடுத்த ஹால் இருக்கலாம். அடுத்த ஜூலியன் பரணில் தூங்கிக்கொண்டு இருக்கலாம்!

நம் பிள்ளைகள் போகலாமா?

இந்தக் கல்லூரிகளோடு தமிழ்நாட்டுக்குப் பழைய உறவு உண்டு. ஓபர்லின் பட்டதாரிகள் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும், லேடி டோக் கல்லூரிக்கும் வந்து தங்கிப் பணியாற்றியிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளும் அங்கே போகலாம். ஆம்ஹெர்ஸ்ட், பவ்டின் போன்ற சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் விஷயத்திலும் வீட்டு வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைக்கு ஏற்ற உதவியும் செய்கின்றன. அப்படிப்பட்டவை மிகச் சில. போட்டியோ மிகக் கடுமை.

விசாவும் நிச்சயம் இல்லாத விஷயம் ஆகிவிட்டது. 2025-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் புதிய மாணவர் விசா பேட்டிகளுக்குத் தேதி கொடுப்பதை அமெரிக்கா நிறுத்தியது. மூன்று வாரம் கழித்துத்தான் மீண்டும் தொடங்கியது.

அமெரிக்கப் பெற்றோர் ஆனாலும், நம் ஊர்ப் பெற்றோர் ஆனாலும், கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்:

1. போன ஆண்டு ரசாயன மாணவர்களில் எத்தனை பேர் பேராசிரியரோடு ஆராய்ச்சி செய்தார்கள்?

2. கருவிகளை மாணவர் தம் கையால் இயக்கலாமா, வேடிக்கை மட்டும் பார்க்கலாமா?

3. கோடை ஆராய்ச்சிக்குப் பணம் எங்கே இருந்து வருகிறது? அரசாங்கம் நிறுத்தினால் கல்லூரி கொடுக்குமா?

4. தள்ளுபடி போக, நாலு ஆண்டுக்கும் சேர்த்து வீட்டில் இருந்து கட்ட வேண்டியது எவ்வளவு? கடன் எவ்வளவு?

5. ஐந்து ஆண்டுகளாக மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா?

முதல் இரண்டு கேள்விக்கு நல்ல பதில் இருந்தால் அது நல்ல படிப்பு. கடைசி மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அது பாதுகாப்பான படிப்பு. இரண்டும் வேண்டும்.

எது போகிறது?

ஒரு கல்லூரி மூடினால், கட்டிடத்தை யாராவது வாங்கிக்கொள்வார்கள். கருவிகளை ஏலம் போடலாம். புத்தகங்கள் வேறு நூலகத்துக்குப் போகும்.

விலைக்குப் போகாத பொருள் ஒன்று இருக்கிறது. ஜூவெட் தன் மாணவனுக்குக் கொடுத்த நேரம் அது. பிரெஞ்சு டீச்சர் தன் மாணவிக்குச் சொன்ன ஒரு வார்த்தை அது.

பெரிய கட்டிடம் கட்டச் சில ஆண்டு போதும். மாணவனின் பெயர் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கும் இடத்தை உண்டாக்க ஒரு தலைமுறை ஆகும். கணக்குப் போடுகிறவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துப் போட வேண்டும்.